சட்டை போட்ட குண்டும் மைக்ரான் அண்ணனும்

‘சுமார்’ என்ற சொல்லைக் கேட்டால் கோபம் வருகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவரோடு ஒரே அறையில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன் நான்.

அபுதாபி முசஃபாவில் ஒரு பட்டறை. அங்கே நான் ஸ்டோர் கீப்பர், அவர் லேத் ஆபரேட்டர். கோயம்புத்தூர்க்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் விசாவில் மட்டும் இருந்தது. முசஃபாவுக்கு அவர் மைக்ரான் அண்ணன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டு போட்டால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரான். அந்த ஒரு துண்டு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று மிஷின் முன்னால் நின்று ஒரு மனிதர் நெற்றியில் அடித்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் பார்த்தேன்.

அறையில் சமையல் சீனி பாய். கீழக்கரைக்காரர், பட்டறையின் பிக்கப் டிரைவர். ஒரு நாள் அவர் ஆசையாகச் சுட்ட தோசையை அண்ணன் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தார்.

“பாய், நடுவுல மூணு மில்லிமீட்டர் இருக்குதுங்க. ஓரத்துல ஒண்ணுதான். இது தோசைங்களா, கண்ணாடி லென்ஸுங்களா?”

சீனி பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாப்ளே, இவர நீ வெளிய கூட்டிட்டுப் போறியா, இல்ல நான் ஊருக்கு டிக்கெட் போடவா?”

ஊரில் மழை பெய்தது என்று அண்ணனின் மனைவி போனில் சந்தோஷமாகச் சொன்னால், “நல்ல மழைன்னா எத்தனை மில்லிமீட்டர்?” என்பார். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. “வேணும்னா வந்து அளந்துக்குங்க” என்று போனை வைத்துவிடுவார்.

எங்கள் முதலாளி அர்பாபே அவரிடம் கொஞ்சம் அடக்கி வாசிப்பார். ஒரு தடவை தன் சொந்த வண்டியின் ஷாஃப்ட்டைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, “கலாஸ், போதும், கொடு” என்று அவசரப்பட்டார். அண்ணன் ஷாஃப்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு மைக்ரான் பாக்கிங்க” என்று தரவே மறுத்துவிட்டார். அர்பாப் அரை மணி நேரம் டீ குடித்துக் காத்திருந்தார். அதைக் கூட இருந்து பார்த்த அர்பாபின் மச்சானுக்கு அன்றிலிருந்து மைக்ரான் அண்ணன்மேல் ஒரு கண். மச்சானுக்கும் ஷார்ஜாவில் பட்டறை இருந்தது. வரும்போதெல்லாம், “உன் கடையில எனக்குப் பிடிச்சது இந்த ஆள் மட்டும்தான்” என்பார்.

அர்பாபுக்கும் மச்சானுக்கும் இன்னொரு கிறுக்கும் உண்டு: துப்பாக்கி. அதுவும் குழலின் வாய் வழியாகவே மருந்தைக் கொட்டி, குண்டைத் தள்ளி, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற ரகம். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு கிளப்பில் போய்ச் சுடுவார்கள்.

இந்தத் துப்பாக்கியில் குண்டை அப்படியேயும் போடலாம். சின்னக் குண்டாக எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கப்புக்குள் உட்கார வைத்தும் போடலாம். வெடித்து வெளியே வந்ததும் கப் கழன்று விழுந்துவிடும், குண்டு மட்டும் பறக்கும். அந்தக் கப்புக்கு வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர் ஒன்று உண்டு. சீனி பாய் அதற்குச் ‘சட்டை’ என்று பெயர் வைத்தார். எங்களுக்கு அதுவே நிலைத்துவிட்டது.

சட்டை போட்டால் குண்டு வேகமாகப் போகும் என்பது அர்பாப் கட்சி. பிளாஸ்டிக் உரசி வேகத்தைத் தின்றுவிடும் என்பது மச்சான் கட்சி. ஒரு நாள் ஆபீஸில் பேரீச்சம்பழமும் கஹ்வா காபியுமாக ஆரம்பித்த பேச்சு சத்தமாகி, கடைசியில் போட்டியில் வந்து நின்றது. பந்தயம் என்று சொல்லக்கூடாதாம், மார்க்கத்தில் தடையாம். தோற்றவர் ஜெயித்தவருக்கு அன்பளிப்பு தருவார், அவ்வளவுதானாம். அர்பாப் ஜெயித்தால் மச்சானின் புது ஒட்டகம் இவருக்கு. மச்சான் ஜெயித்தால் மைக்ரான் அண்ணன் ஷார்ஜாவுக்கு. வேகத்தை அளந்து தீர்ப்புச் சொல்வதும் மைக்ரான் அண்ணனேதான். அவரைத் தவிர வேறு யாரையும் இரண்டு பேரும் நம்பவில்லை.

கோவை மாவட்டத்திலேயே ஓர் ஒட்டகத்துக்குச் சமமாக நிறுத்தப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். நான் பதறிப்போய் லேத்துக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“ஒட்டகம் எத்தனை கிலோங்க தம்பி?”

“அண்ணே! உங்கள ஷார்ஜாவுக்கு அனுப்பப் பாக்குறாங்க. முடியாதுன்னு சொல்லுங்க, நீங்க சம்மதிக்காம யாரும் மாத்த முடியாது!”

“அர்பாப் கேட்டாருங்க. சரின்னுட்டேன். அங்கயும் மிஷின் நல்ல மிஷின்தானாம்.” மறுபடி மிஷினைப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்புக்குப் போனோம். குண்டு மேலே பறந்து போனால் நொடிக்கு எத்தனை அடி வேகம் என்று காட்டும் ஒரு பெட்டி அங்கே இருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் துல்லியமான அந்த மனிதருக்கு வெடிச்சத்தம் என்றால் உயிர் போய்விடும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. காதில் பஞ்சு, அதற்கு மேல் கிளப் கொடுத்த காது மூடி, அதற்கும் மேல் ஒரு துண்டு. ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை இறுக்கி மூடி, “முருகா!” என்று ஒரு கத்து. பிறகு கண்ணைத் திறந்து நம்பரை எழுதுவார்.

ஐந்து குண்டு சட்டையோடு, ஐந்து குண்டு சட்டை இல்லாமல். சட்டை போட்டது ஒவ்வொரு முறையும் எங்கேயோ முன்னால் போயிற்று. சந்தேகத்துக்கே இடமில்லை. அர்பாப் கையைத் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். சீனி பாய் என்னைக் கட்டிப்பிடித்தார். அண்ணன் எங்களோடுதான் இருக்கப்போகிறார்! மச்சான் முகம் தொங்கிப்போய், ஒட்டகத்தை எப்போது அனுப்புவது என்று கேட்டார்.

“ஒரு நிமிசமுங்க” என்று ஒரு குரல்.

மைக்ரான் அண்ணன் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு குட்டித் தராசை எடுத்தார். ஒரு தட்டில் இந்தக் குண்டு, மறு தட்டில் அந்தக் குண்டு. தராசு ஒரேயடியாகச் சாய்ந்தது.

“சட்டை போட்டது ஒல்லிக் குண்டுங்க. போடாதது குண்டான குண்டுங்க. ஒல்லியா இருக்கறவனையும் தடியா இருக்கறவனையும் ஓடவிட்டுப் போட்டு, ஒல்லியானவன் போட்ட சட்டைதான் ஓடுச்சுன்னா அது ஞாயமுங்களா? இந்தப் போட்டி செல்லாதுங்க.”

அர்பாபுக்கும் மச்சானுக்கும் நான் இந்தியில் அதை மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக வேதனையான மொழிபெயர்ப்பு அதுதான். மச்சான் மண்ணில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். ஆடிக்கொண்டிருந்த அர்பாபின் கை மேலேயே நின்றுவிட்டது.

சட்டைக்குள் போகிற குண்டை நீளமாக எடுத்து, இரண்டையும் ஒரே எடையாக்கி அடுத்த ஞாயிறு மறுபடி சுடுவது என்று முடிவாயிற்று. அந்த ஒரு வாரம் அர்பாப் அண்ணனின் சலாமுக்குப் பதில் சொல்லவில்லை. அறையிலும் கடுகு போட்டால் வெடிக்கிற சூடு.

“வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன அத்தா கெட்டுப்போச்சு?” என்றார் சீனி பாய்.

“தப்பான அளவு பாய்.”

“அதான் நமக்குச் சாதகமால்ல இருந்துச்சு!”

“சாதகமா இருந்தாலும் தப்பான அளவுதானுங்களே.”

சீனி பாய் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நானும் அன்று அண்ணனோடு பேசவில்லை. அவர் மட்டும் கிளப்பிலிருந்து வாங்கி வந்த குண்டுகளைக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாக நிறுத்து, சமமான எடையுள்ளதை மட்டும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு. இந்த முறை அண்ணன் யாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் மருந்தைத் தானே நிறுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு குழலைத் துடைக்கச் சொன்னார். சட்டையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று மாற்றி மாற்றி. “யல்லா, யல்லா” என்று அர்பாப் கத்தினால், “அவசரப்பட்டா அளவு ஓடிப்போயிருமுங்க” என்று பதில். அன்றைக்கு முருகனை எத்தனை தடவை கூப்பிட்டார் என்று எண்ண முடியவில்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் அட்டையில் கூட்டிக் கழித்து முடித்தார்.

 சீனி பாய் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்க” என்றார் மைக்ரான் அண்ணன்.

அர்பாப் விடவில்லை. “ஒண்ணு கொஞ்சமாவது முன்னால இருக்கணுமே! எது?”

“சட்டை போட்டது துளி முன்னாலங்க.”

“அப்ப நான் ஜெயிச்சேன்!”

“இல்லீங்க. ஒரே மாதிரி குண்டையே ரெண்டு தடவை சுட்டா, ரெண்டுக்கும் நடுவுல இதைவிட அதிகமா வித்தியாசம் வருதுங்க. அந்தத் துளிய வெச்சுக்கிட்டு ஒருத்தர ஜெயிச்சவருன்னு சொல்ல முடியாதுங்க. அது பொய்யிங்க.”

நான் மொழிபெயர்த்து முடித்தேன். மச்சான்தான் முதலில் சிரித்து வெடித்தார். “யா அகீ! இந்தாளு உன்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு உன்னையே ரெண்டு தடவை ஜெயிக்க விடல! இவன் என்கிட்ட வந்தா என் கதி என்ன ஆகும்? வேண்டாம், நீயே வச்சுக்கோ!”

அர்பாபுக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அண்ணனை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். அண்ணன் காதில் கட்டிய துண்டோடு அந்த அணைப்புக்குள் நசுங்கி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒட்டகம் மச்சானிடமே இருந்தது. அண்ணன் எங்களிடமே இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆட்டை வெட்டினார்கள்.

மதியம் பெரிய தட்டைச் சுற்றி அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். கை சோற்றுக்குப் போகாமல் அவர் மெல்லச் சொன்னார்:

“ரெண்டு வாரமா சரியாத் தூங்கலீங்க தம்பி. அர்பாப் மொகத்துக்காகச் சரின்னுட்டேன். ஷார்ஜாவுல எனக்கு யாரைத் தெரியும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்ப போன ஞாயிறு தராசோட ஏண்ணே எழுந்து நின்னீங்க? உக்காந்திருந்தாலே போதுமே!”

அவர் விரலால் சோற்றைக் கிளறினார்.  தப்புச் செய்த பிள்ளை மாதிரி, “நின்னுட்டேனுங்க” என்றார்.

தட்டில் என் பக்கம் இருந்த நல்ல கறித்துண்டை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். எடுத்துச் சாப்பிட்டார்.