நாக்கு அண்ணை எனக்குத் தராத பொட்டலம்

பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெரு இருக்கிற லா சப்பலில் நாக்கு அண்ணை பார்க்காத நாக்கு கிடையாது. நகைக்கடை முதலாளியின் நாக்கு, கோயில் ஐயரின் நாக்கு, மெத்ரோவில் டிக்கெட் பரிசோதிக்க வந்த வெள்ளைக்காரரின் நாக்கு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பரிசோதகர் டிக்கெட்டைக் கேட்க, இவர் பதிலுக்கு நாக்கைக் கேட்டாராம். அபராதம் எழுத வந்த மனிதர் இரண்டு ஸ்ரேசன் தாண்டும்வரை வாயைத் திறந்தபடி நின்றாராம். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பெல்வில்லில் ஒரு சீன மருந்துக்கடையின் பின்னறையில் வேர் வெட்டிப் பொட்டலம் கட்டுவது அவர் வேலை. லா சப்பலில் ஏறினால் நாலாவது ஸ்ரேசன். கடைக்காரி வயதான சீனப் பெண்மணி. இவர் "மடாம்" என்பார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது, இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அந்த அரைகுறையிலேயே நாக்குப் பார்க்கிற வித்தையை இவர் கறந்துவிட்டார்.

வெள்ளையாய்ப் படிந்திருந்தால் உள்ளே குளிர். மஞ்சள் என்றால் சூடு. ஓரத்தில் பல்லுத் தடம் இருந்தால் சமிபாடு சரியில்லை. "நான் வைத்தியன் இல்லை, பொட்டலம் கட்டுறவன்" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கை நீட்டச் சொல்வார். பிறகு சனிக்கிழமைகளில் ஆட்களை ஒரு பட்டாளமாய்ச் சேர்த்து, மடாமிடம் நாடி பார்க்கக் கூட்டிப் போவார். பொட்டலத்தில் என்ன போடுவது என்று மடாம்தான் எழுதுவார்.

மொழிபெயர்ப்பும் இவர்தான். வாய்வு என்றால் என்னவென்று எங்கள் சனம் பிரெஞ்சு டொக்டர்மாருக்கு வருசக்கணக்காய் விளங்கப்படுத்தியும் அவர்கள் ஸ்கான்தான் எடுத்தார்கள். நாக்கு அண்ணை கையை வயிற்றிலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து தோளுக்கும் ஓட்டிக் காட்டி, பிரெஞ்சில் "காற்று" என்றார். மடாம் தலையாட்டிவிட்டு, ஓடித்திரிகிற காற்றா, நின்று குத்துகிற காற்றா என்று திருப்பிக் கேட்டாராம். அன்றோடு எங்கள் தெரு சீனாவோடு சம்பந்தம் கலந்துவிட்டது.

வாங்குவது சுகம், காய்ச்சுவதுதான் பாடு. மண்சட்டி வேண்டும். அரைமணி நேரம் ஊற வேண்டும். சிப்பி ஓடு, கல்லு மாதிரிச் சாமான்கள் முதலில், இலை பூ கடைசியில். மூன்று கிண்ணம் ஒரு கிண்ணமாய் வற்ற வேண்டும். இதையெல்லாம் நாக்கு அண்ணை பாட்டுப் போலச் சொல்லிக் கொடுப்பார். எங்கள் ஆட்களும் பக்தியோடு கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் குக்கரில் போட்டு மூன்று விசில் விடுவார்கள். ஒருவர் உப்பும் மிளகும் உள்ளியும் போட்டுத் தாளித்து, சோற்றில் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, ருசி போதாது என்று முறைப்பாட்டோடு வந்தார். நாக்கு அண்ணை நடைபாதையிலேயே குந்திவிட்டார்.

ஆனால் அவரை உண்மையில் வாட்டியது வேறொன்று. எங்கள் வீடுகளில் கசாயம் என்றால் வீட்டுக்கே பொதுச் சாமான். ஒருவருக்குத் தடிமன் வந்தால் ஏழு பேர் குடிப்போம். பொட்டலம் ஆளைப் பார்த்துக் கட்டினது, அது அந்த ஆளின் சப்பாத்து மாதிரி, மற்றவர் காலுக்கு ஏறாது என்று அவர் தொண்டை கிழியச் சொன்னார். கேட்டால்தானே. ஒரு வீட்டில் தகப்பனின் நித்திரைக்குக் கொடுத்ததைக் குடும்பமே பகிர்ந்து குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவு திறக்கவில்லை. விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் மணியை அடித்து அடித்துக் களைத்துத் திரும்பிப் போனார்கள்.

இனி என் கதை. நான் சாறிக்கடை ஒன்றின் பின்பக்கம் பிளவுஸ் தைக்கிறவள். நெஞ்சில் வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு குளிசை போடுகிறவள். மாதமொருமுறை இரத்தம் கொடுத்து, எவ்வளவு ஐதாக, தண்ணீராக ஓடுகிறது என்று ஒரு எண் எடுக்க வேண்டும். ஏற்கெனவே பயந்த சீவன். ஊசி கீழே விழுந்தால், அது யாருடைய காலில் ஏறி எந்த நரம்பால் நெஞ்சுக்குப் போகும் என்று யோசிக்கிற ஆள். களைப்பாக இருக்கிறது, எனக்கும் ஒரு பொட்டலம் கட்டித் தாங்கோ என்று போய் நின்றேன்.

நாக்கைப் பார்த்தார். அதைவிடக் கூடுதல் நேரம் என் மருந்துச் சீட்டைப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

"உமக்கு இல்லை, தங்கச்சி."

"ஏன் அண்ணை?"

"உமக்கு ஒரு பொட்டலமும் இல்லை. இந்தக் குளிசையோடை கூடாது. வீட்டை போம்."

முதல் வரியோடு என் காது அடைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் கொடுக்கிறவர் எனக்கு இல்லை என்கிறார் என்றால், என் நாக்கில் எதையோ கண்டுவிட்டார். கொடுத்தும் பிரயோசனமில்லை என்கிற எதையோ. அன்றிலிருந்து கடையில் பிளவுஸ் போட்டுப் பார்க்கிற அறையின் கண்ணாடி முன்னாலேயே என் வாழ்க்கை நடந்தது. கலியாணப் பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்த பொம்பிளை திரையை விலக்க, உள்ளே நான் நாக்கை நீட்டியபடி நின்றேன். அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தில் முதலாளி தேத்தண்ணீரோடு ஓடி வந்தார். ஒரு கிழமையில் இரண்டு இடக்கைகளோடு ஒரு பிளவுஸ் தைத்தேன்.

என் நிலையைக் காணப் பொறுக்காமல் பக்கத்து மெசின் ராணி அக்கா, மடாம் தனக்கென்று கட்டிக் கொடுத்த வேரைக் கோழிக்காலோடு அவித்து சூப்பாய்க் கொண்டு வந்தா.

"அவர் தராட்டி என்ன, நான் தாறன். பெண்களின்ரை இரத்தத்துக்கு நல்லதாம். குடியடி."

பாசத்தோடு தந்தா. நானும் ஐந்து நாள் குடித்தேன். ஆறாம் நாள் பல் விளக்க, பல்லடி முரசால் இரத்தம் வந்தது. கத்தரிக்கோல் பிடித்த இடம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அதையும் சாவின் அறிகுறி என்றுதான் நினைத்தேனே ஒழிய, சூப்பை நினைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து நாக்கு அண்ணை காற்சட்டைக்கு விளிம்பு அடிக்க வந்தார். என் கையைக் கண்டார். நாக்கைக் கேட்கவே இல்லை.

"என்ன குடிச்சனீர்?"

நான் ஒன்றுமில்லை என்றேன். ராணி அக்கா சூப்புப் போத்தலைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளினா. அவர் குனிந்து எடுத்து, மூடியைத் திறந்து மணந்தார். மனிதரின் முகத்தில் இருந்த இரத்தம் முழுக்க எங்கேயோ போய்விட்டது. ராணி அக்கா அழத் தொடங்கினா. என்ரை பேரைச் சொல்லிப்போடாதேங்கோ, நான் நல்லதுக்குத்தான் செய்தனான் என்றா.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு என்னைக் கூட்டிப்போனது, சாறிப் பையில் சூப்புப் போத்தலோடு வந்த நாக்கு அண்ணைதான். வரிசையில் இருந்தவர்கள் மணத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். இளம் டொக்டரின் மேசையில் போத்தலை வைத்து, கரண்டியால் வேரைத் தோண்டி எடுத்து, "தாங் குவேய்" என்று அதன் பெயரைச் சொன்னார். என் குளிசையின் பெயரையும் சொன்னார். என் மருந்துச் சீட்டை ஒருமுறைதான் பார்த்திருந்தார். இரண்டு விரலையும் ஒன்றோடொன்று சேர்த்து, கூடாது என்று தலையாட்டினார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண் எக்கச்சக்கமாய் ஏறி, இரத்தம் தண்ணீராய் ஐதாகியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம் என்றார் டொக்டர். பிறகு, இந்த வேரைக் கொடுத்த முட்டாள் யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுதல் நாக்கு அண்ணை, "நான்தான்" என்றார்.

டொக்டர் கால்மணி நேரம் வெளுத்து வாங்கினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "வுய், தொக்தர்", ஓம் டொக்டர், என்றார். டொக்டர் போனதும் நான் கேட்டேன், ஏன் அண்ணை பொய் சொன்னீங்கள் என்று. ராணிப் பிள்ளை தன்ரை சூப்போடை பயத்தையும் குடிக்கவேண்டாம் என்றார். ஏதோ பெரிய பகிடி விட்டமாதிரிச் சிரிக்கப் பார்த்தார். ஏற்கெனவே மூடியிருந்த சூப்புப் போத்தலின் மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்ததை நான் கட்டிலில் படுத்தபடியே கண்டேன். பயந்த சீவனான எனக்கு அன்றைக்கு ஒரு பயமும் இல்லை.

"என்ரை நாக்கிலை அப்பிடி என்ன அண்ணை கண்டனீங்கள்?"

"நாக்கோ? நல்ல நாக்கு. கொஞ்சம் கூடக் கதைக்கும்போல."

இப்போது அவர் ஓய்வெடுத்துக்கொண்டு பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் மகளோடு இருக்கிறார். நான் மாதம் இரத்தம் கொடுக்கிற நாள் அவருக்குத் தெரியும். பகல் ஒரு மணிபோல போன் வரும். சுகம் கேட்க மாட்டார், எண் எத்தனை என்று மட்டும் கேட்பார். சொன்னால், "ம்" என்று வைத்துவிடுவார். அந்த "ம்" கேட்ட பிறகுதான் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும்.