கௌரவ உறுப்பினர் தனிமைப்பட்ட வரலாறு

கொரோனாவை ஒழித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். தடுப்பூசி என்கிறார்கள், டாக்டர்கள் என்கிறார்கள், கொத்தமல்லித் தண்ணீர் என்று சொல்கிறவர்களும் உண்டு. எல்லாம் விவரம் தெரியாத பேச்சு. மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் போய்க் கேளுங்கள். அந்தப் பெருந்தொற்றை ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றவர் பிரதேச சபையின் கௌரவ உறுப்பினர் விஜிதரன் அவர்கள். எதிர்த்து நின்ற முறை, பேச்சு.

நாள்தோறும் விளக்கு வைக்கிற நேரத்தில், டவுனில் உள்ள தமது மாடி வீட்டிலிருந்து முகநூல் நேரலையில் தோன்றுவார். நிகழ்ச்சிக்குப் பெயர் ‘மக்களுக்கான அறிவித்தல்’. பின்னால் கொடி, பக்கத்தில் பூச்சாடி, அதற்குப் பக்கத்தில் சானிடைசர் போத்தல். கை கழுவும் முறையை அவர் காற்றிலேயே கழுவிக் காட்டுவார். விரல் இடுக்கு, மணிக்கட்டு, நகக்கண் என்று ஒன்றையும் விடமாட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக் குழாயிலும் அப்போது காற்றுதான் வந்துகொண்டிருந்தது என்பதால் செய்முறை மக்களுக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது.

ஒரு நாள் அறிவித்தலில் உறுப்பினர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

“அன்பார்ந்த என் மக்களே! தொற்று உள்ளவங்களோட பழகிட்டீங்கன்னா உடனே ஒரு தனி அறைக்குப் போயிடணும். தனிக் கழிப்பறை பாவிக்கணும். இதுல மெம்பர், மக்கள்னு வித்தியாசம் கிடையாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளைக்கு எனக்கே அப்படி ஒரு நிலைமை வந்தா, எந்த வீட்டுல நிக்கிறேனோ அந்த வீட்டுலயே உக்காந்துருவேன். ஒரு அடி வெளிய வைக்க மாட்டேன்!”

கீழே கருத்துகள் குவிந்தன. பாதி இதயம், மீதி கும்பிடு. நடுவில் மேல் டிவிசன் நிஷாந்தி மட்டும், “தனி அறைக்கு எங்க போறது மெம்பரையா? எங்களுக்கு இருக்கிறதே ஒரு காம்பரா” என்று எழுதியிருந்தாள். உறுப்பினர் அதையும் விட்டுவிடவில்லை. “தங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் போட்டார். அவ்வளவு கடமை உணர்ச்சி.

நிஷாந்தி, கொழுந்து எடுக்கிற பேச்சியம்மாவின் மூத்த மகள். நிறைமாதம். பேறு பார்க்கத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த ஒரே காம்பராவில் பேச்சியம்மா, புருசன் அழகுமுத்து, நிஷாந்தி, அவளுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். பிள்ளை பிறக்கிறதுக்குள்ளே பக்கத்தில் ஒரு சின்ன அறை இழுத்துவிட வேண்டும் என்பதுதான் பேச்சியம்மாவின் ஒரே கவலை. தகரம், மரம் எல்லாம் வாங்கி வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்தாயிற்று. ஆனால் தோட்டத்து நிலத்தில் ஓர் ஆணி அடிக்கவும் தோட்டத்தை நடத்துகிற தொரையின் அனுமதி வேண்டும். “அது என் பொறுப்பு பேச்சியம்மா” என்று தேர்தல் சமயத்தில் உறுப்பினர் அவர்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் நின்றே வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை மறக்கிறவர் அல்லர். மூன்று வருடமாக அது ‘பரிசீலனையில்’ இருந்தது.

மறுநாள் காலை உறுப்பினர் நிவாரணப் பொதிகளோடு மேல் டிவிசனுக்கே எழுந்தருளினார். கூடவே அவருடைய செயலாளர் லோஜன், கையில் போனோடு. முதல் பொதி பேச்சியம்மா வீட்டுக்கு. உறுப்பினர் வாசலில் நின்று பொதியை நீட்டினார். லோஜன் போனைக் கீழே இறக்கிவிட்டான்.

“இங்க வேணாம் மெம்பர். பின்னால பூச்செடி எல்லாம் நல்லா பூத்திருக்கு. கஷ்டம் தெரியல. உள்ள போய் நின்னு குடுங்க.”

உறுப்பினர் உள்ளே போனார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். அவருடைய முகம் மக்களின் சொத்து, அதை மறைக்க அவருக்கு உரிமை இல்லை. லோஜன் இஸ்தோப்பிலிருந்து நேரலையைத் தொடங்கினான். உறுப்பினர் பொதியின் ஒரு மூலையையும் பேச்சியம்மா மறு மூலையையும் பிடித்துக்கொண்டு நிற்க, நாட்டு நிலைமை பற்றிய உரை தொடங்கியது. பேச்சியம்மாவுக்குக் கை வலி எடுத்துவிட்டது. உரை பொருளாதாரத்துக்கு வந்தபோது, சேலை கட்டி மறைத்திருந்த மூலையிலிருந்து யாரோ தும்மினார்கள்.

“யாரும்மா அது?”

“மருமகன்ங்க. ஜெயகாந்தன். கொழும்புக் கடைல வேலை. நிஷாந்தியப் பாக்கணும்னு மரக்கறி லொறில ஏறி விடியக்காத்தால வந்துருச்சு.”

பொதி பேச்சியம்மாவின் காலில் விழுந்தது. உறுப்பினர் ஒரே தாவலில் வாசலுக்கு வந்தார். வாசலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லாரும் பீ.எச்.ஐ. என்று கூப்பிடுகிற அமிர்தநாதன், கையில் பசை டின்னோடு நின்றார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர்.

“அப்படியே நில்லுங்க மெம்பர். கொழும்பு ஆள் வந்திருக்கிற வீடு இது.”

“ஐயோ, நான் இந்த வீட்டு ஆள் இல்லீங்களே! இப்பதான் கால் வச்சேன். குடுத்துட்டுக் கிளம்புற நேரம்.”

“இல்ல மெம்பர், லைவ் போய் அரை மணித்தியாலம் ஆச்சு. ஆயிரத்துக்கு மேல பாக்குறாங்க” என்றான் லோஜன், பெருமையாக.

அமிர்தநாதன் சிரிக்கவில்லை. கொரோனா வந்ததிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. “நேத்து உங்க அறிவித்தல நானும் பாத்தேன் மெம்பர். ‘எந்த வீட்டுல நிக்கிறேனோ அந்த வீட்டுலயே உக்காந்துருவேன்.’ நல்லா சொன்னீங்க. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பி வச்சேன்.”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது...”

“மாத்தயா, எலியட்ட எண்ட எபா” என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வெளியே வராதே என்றால் எந்த மொழியிலும் வராதேதான். அறிவித்தல் தாள் கதவில் ஒட்டப்பட்டது. பதினான்கு நாள்.

இப்படியாக உறுப்பினர் அவர்கள் மக்களோடு மக்களாக வாழத் தொடங்கினார்.

முதல் வேலையாக ஒரு மீட்டர் இடைவெளியை அமல்படுத்தினார். எட்டுப் பேரையும் தள்ளித் தள்ளி நிறுத்திப் பார்த்ததில், எட்டாவது ஆள் பக்கத்து வீட்டுச் சுவருக்குள் நின்றால்தான் கணக்குச் சரிவரும் என்று தெரிந்தது. மாலையில் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். புகை முதலில் உறுப்பினரைத்தான் நலம் விசாரித்தது. லயத்துக்கே பொதுவான கக்கூசுக்கு இந்த வீட்டார் போகக் கூடாது என்று பீ.எச்.ஐ. சொல்லியிருந்ததால், அந்த விசயத்தில் உறுப்பினர் வாளியோடு பட்ட பாட்டை எழுதுவது சபையின் கௌரவத்துக்கு அழகல்ல.

விடிந்ததும் அவர் வெடித்துவிட்டார். “பேச்சியம்மா, இதுக்குள்ள ஒரு மனுசன் எப்படி இருக்கிறது?”

“நாங்க இருக்கோமே மெம்பரையா.”

“அதில்லம்மா, நான் மனுசனச் சொல்றேன்.”

பேச்சியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பிளேன்டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். “தனி அறைக்குப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அந்தத் தனி அறை பின்னால அடுக்கி வச்சிருக்கு. உங்க பரிசீலனைலதான் கிடக்கு.”

உறுப்பினர் போனை எடுத்தார்.

“தொரை, விஜிதரன் பேசுறேன். ஆமாங்க, உள்ளதான். ஒரு சின்ன அறைங்க, லயத்துக்குப் பக்கத்துல... இல்ல, இவங்களுக்கு இல்லீங்க. எனக்கு. எனக்குங்க! ரொம்ப நன்றிங்க.”

மூன்று வருடப் பரிசீலனை, பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்தது. நம் நிருவாகம் மெதுவானது என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த லயத்து மூக்கன் நாலு பேரோடு வந்து இறங்கினான். ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் நின்று ஆணி அடித்தார்கள். சபையின் லொறி ஒரு கக்கூஸ் கோப்பையையும் தண்ணீர்க் குழாயையும் சீமெந்தையும் கொண்டு வந்து கொட்டியது. நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழா வைப்பதற்காக அவை சபைக் களஞ்சியத்தில் காத்திருந்தவை. பொழுது சாய்வதற்குள் அறை நின்றது. பக்கத்தில் கக்கூஸ் நின்றது. குழாயில் தண்ணீரே வந்தது. பிள்ளைகள் மூன்றும் அதைத் திறந்து திறந்து மூடின.

கூரைக்குக் கடைசி ஆணி அடிக்கும்போது மூக்கன் மேலிருந்தே குரல் கொடுத்தான். “மெம்பரையா, நானும் தகரம் வாங்கி வச்சிருக்கேன்ங்க. எங்க லயத்துப் பக்கமும் கொஞ்சம்...”

“பரிசீலிப்போம் மூக்கண்ணே” என்றது அறைக்குள்ளிருந்து ஒரு குரல். நெருக்கடியிலும் நிதானம் தவறாத குரல்.

அன்று முதல் அறிவித்தல் புது அறையிலிருந்து ஒளிபரப்பானது. பின்னால் கொடிக்குப் பதில் தகரம். “லயத்துல உங்களோட ஒருத்தனா இருக்கேன் மக்களே” என்று அவர் தழுதழுத்தபோது, கனடாவிலிருந்துகூட யாரோ அழுது எழுதியிருந்தார்கள். அழகுமுத்து வேளாவேளைக்குச் சோற்றை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். இதற்கிடையில் ஜெயகாந்தனுக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. மரக்கறி லொறியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்து வந்தவன் தும்மாமல் என்ன செய்வான்? ஆனாலும் சட்டம் சட்டம்தான், நாள் முடிகிறவரை யாரும் வெளியே வரக் கூடாது.

நாளும் முடிந்தது. லோஜன் மாலையோடும் நேரலையோடும் வந்தான். அமிர்தநாதன் கதவிலிருந்து தாளைப் பிய்த்தெடுத்தார். உறுப்பினர் வெளியே கால் வைத்ததுதான் தாமதம், நிஷாந்தி தன் பாயைப் புது அறையில் கொண்டுபோய் விரித்தாள். பிறக்கப் போகிற பிள்ளைக்காகத் தைத்து வைத்திருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். பேச்சியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். தொரையின் உத்தரவைக் கொண்டு வந்திருந்தார். “மெம்பருக்காகக் குடுத்த அனுமதி. மெம்பர் போயிட்டா அறையக் கழட்டிரணும்னு தொரை சொல்லிட்டாருங்க. விட்டா எல்லா லயமும் கேக்கும்.”

எல்லாரும் உறுப்பினரைப் பார்த்தார்கள். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். “அதுவும் நியாயம்தானே. சட்டப்படி இல்லாத அறைய நான் எப்படி விடச் சொல்றது? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கழட்டுங்க.”

நிஷாந்தி பாயிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. பேச்சியம்மா சோறு போட்ட கையால் அப்படியே அறைந்திருப்பாள். ஆனால் அவள் பீ.எச்.ஐ.யின் பக்கம் திரும்பினாள்.

“பீ.எச்.ஐ. ஐயா, ஒரு சந்தேகம்ங்க. இது சட்டப்படி இல்லாத அறைங்களா?”

“அப்படித்தான் சொல்றாங்கம்மா.”

“அப்ப இல்லாத அறைல மெம்பரையா இருந்ததும் சட்டப்படி சேராதுதானே? இத்தன நாளும் எங்ககூட அந்த ஒரே காம்பராவுல ஒண்ணா இருந்ததாதானே கணக்கு வரும்?”

அமிர்தநாதன் யோசித்தார். மடித்து வைத்த தாளை மறுபடி விரித்தார். குனிந்து பசை டின்னைத் திறந்தார்.

“சரியான கேள்வி. அறை இல்லன்னா தனிமைப்படுத்தலும் இல்ல. உள்ள வாங்க மெம்பர். இன்னைல இருந்து ஒண்ணாம் நாள்.”

உறுப்பினர் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மூலையில் அந்த வாளி இருந்தது. லோஜனின் போன் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்பார்ந்த என் மக்களே!” என்று மாலையோடு போன் பக்கம் பாய்ந்தார். “இந்த அறை நிரந்தரம்! இத ஒருத்தனும் தொட விடமாட்டேன்! எங்க மக்களுக்குத் தனி அறை வேணும்னு உள்ள இருந்து போராடி வாங்கினவன் நான்!”

“தொரை கேட்டா...” என்று கணக்கப்பிள்ளை இழுத்தார். “தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்யா!” என்றார் உறுப்பினர், காம்பராவைத் திரும்பிப் பார்க்காமலே. அமிர்தநாதன் பசை டின்னை மூடினார். அவர் முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்று பிள்ளைகள் சத்தியம் செய்கிறார்கள்.

நிஷாந்திக்கு அந்த அறைக்கென்றே ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கதவுக்கு மேலே இப்போது ஒரு பலகை இருக்கிறது: ‘கௌரவ உறுப்பினர் விஜிதரன் அவர்களால் தங்கித் திறந்து வைக்கப்பட்டது.’

அடுத்த முறை உறுப்பினர் நிவாரணப் பொதிகளோடு மேல் டிவிசனுக்கு வந்தபோது, வாகனத்தின் சத்தம் கேட்டதுமே ஒரு லயம் முழுக்க இருமியது. அது ஓய்வதற்குள் அடுத்த லயம் தும்மியது. பிள்ளை குட்டி எல்லாம் வாசலில் நின்று மூக்கைச் சிந்தின. உறுப்பினர் இரண்டு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, வாகனத்தை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் ஒரு விரற்கடை இறக்கினார். மூக்கன் நாற்காலியைத் துடைத்து இஸ்தோப்பில் போட்டு, பாயும் தலையணையுமாக நின்றான்.

“என்ன மூக்கண்ணே, எல்லாருக்கும் காய்ச்சலா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மெம்பரையா. நல்லாத்தான் இருக்கோம். ஓட்டுப் போட்டு உங்களச் சபைக்கு அனுப்பிப் பாத்தோம், ஒண்ணும் நடக்கல. வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினதும் ஒரே நாள்ல நடந்துருச்சு. பீ.எச்.ஐ. ஐயாவுக்குச் சொல்லி அனுப்பிட்டோம், பசையோட வந்துக்கிட்டு இருக்காரு. இறங்கி உள்ள வாங்கய்யா.”