நடுக்கத்தண்ணனின் இருபத்தெட்டுப் பயணிகள்

நடுக்கத்தண்ணன் அளவுக்கு நிலநடுக்கங்களை உண்டாக்கிய மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. அவர் அளவுக்கு நிலநடுக்கத்துக்குப் பயந்தவரும் இருக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதால் ஐந்து வருடம் எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஓர் அதிர்வு மேசை உண்டு. ஓர் அறை அகலத்துக்கு இரும்புத் தளம், அதை இழுத்தும் தள்ளியும் ஆட்டுவதற்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தண்டுகள். எங்கோ எப்போதோ வந்த நிலநடுக்கத்தின் பதிவைக் கணினியில் ஏற்றினால் மேசை அப்படியே ஆடும். மேலே எதை நிறுத்தினாலும், நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்துவிடலாம். என் ஆராய்ச்சி ரயில் பாலத்தைப் பற்றியது. ரயில் பாலத்தின் மேல் இருக்கும்போது பூமி ஆடினால் தூண் என்ன ஆகும், சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்புமா என்ற இரண்டு கேள்விகள்.

மேசையை இயக்கியவர் நடுக்கத்தண்ணன். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வண்டிகளில் ஹைட்ராலிக் மெக்கானிக்காக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எங்களிடம் வந்தவர். எண்ணெய்க் குழாய் ஒன்று எங்கே கசிகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, இந்தப் பில்டிங்கு தாங்குமுங்களா?" என்பதுதான்.

"இந்தப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வராதுண்ணா" என்று ஒருமுறை ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

"அம்மணி, நீங்க மேல இருந்து பாக்கறீங்க. நான் ஆயிரம் அடி உள்ள உட்டுப் பாத்தவன். ராசிபுரத்துல இருந்து ராஜஸ்தான் வரைக்கும் ஓட்டை ஓட்டையாப் போட்டு வச்சிருக்கறனுங்க. அது அத்தனையும் பொறுத்துக்கிட்டுச் சும்மா இருக்கும்னா நெனைக்கறீங்க?"

பூமி தன்மேல் தனிப்பட்ட முறையில் கோபமாக இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். இமயமலைப் பக்கம் எங்காவது அதிர்ந்ததாகச் செய்தி வந்தால், "தேடிக்கிட்டு வருதுங்க" என்பார். அன்று முழுவதும் கூரைக்கு அடியில் கால் வைக்க மாட்டார்.

மேசையை இயக்குபவர் கையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டும். ஏதாவது தப்பாகப் போனால் உடனே அழுத்தி நிறுத்துவதற்கு. அந்தப் பொத்தானுக்கு நீளமான ஒயர் இழுத்து, ஜன்னல் வழியாக வெளியே கொண்டுபோய், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே பயங்கர நிலநடுக்கம் நடக்கும். வெளியே அவர் மடியில் பொத்தானை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் நின்ற பிறகும் அரை மணி நேரத்துக்கு உள்ளே வர மாட்டார். பின்னதிர்வு வரலாமாம்.

"அது மிஷின் அண்ணா. மிஷினுக்குப் பின்னதிர்வு கிடையாது."

"அது உங்களுக்குத் தெரியுமுங்க அம்மணி. அதுக்குத் தெரியோணுமில்ல?"

எங்கள் பேராசிரியரின் மகளுக்குச் சேந்தமங்கலத்தில் கல்யாணம். மூன்று மாடி மண்டபம். நடுக்கத்தண்ணன் வாசலிலேயே நின்று தூண்களை எண்ணினார். கீழே பதினாறு, மேலே பதினைந்து. ஒரு தூணைக் காணோம். பன்னீர் தெளிக்க நின்ற பெண்களிடம், "அந்த ஒத்தத் தூணு எங்கீங்க போச்சு?" என்று விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. மொய்க் கவரை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டு, சாலையோரம் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் இலையை விரித்துச் சாப்பிட்டார். பந்தியில் மூன்றாவது வரிசையில் இருந்த நான் பாயசம் வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பயத்தில் உள்ள கஷ்டம் அதுதான், ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். கடைசிச் சோதனைக்கு நான் போட்ட பட்டியலில் முப்பத்தெட்டு வரிகள் இருந்தன. என்னிடம் இருந்தது ஒரே ஒரு தூண். ஓர் ஆள் உயரம், கான்கிரீட்டில் வார்த்து, மாதக் கணக்கில் பதப்படுத்தியது. அதன் மேல் பாலத்தின் துண்டு, அதன் மேல் தண்டவாளம், அதன் மேல் கட்டில் அளவுக்கு ஒரு ரயில் பெட்டியின் சிறு மாதிரி. பெரிய ஆட்டத்தை ஒரு முறைதான் கொடுக்க முடியும். தூண் விரிசல் விட்டபிறகு அது வேறு தூண். இன்னொன்று வார்க்க நேரம் கிடையாது, என் ஆராய்ச்சிக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. சோதனை கெட்டால் ஐந்து வருடமும் கெட்டது. இதைப் பார்ப்பதற்கு ஒரு மதிப்பீட்டுக் குழுவும் வருகிறது. குழுத் தலைவர் ரயில்வேயில் பெட்டிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் மாலையே முப்பத்தெட்டு வரிக்கும் டிக் போட்டு முடித்துவிட்டேன். காலையில் சுடிதாரைக்கூட இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தேன். வெளியே குழுவின் கார் வந்து நிற்கிறது. பேராசிரியர் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். நடுக்கத்தண்ணன் வேப்பமரத்தடியில் எழுந்து நின்று, "இன்னைக்கு ஆட்ட வேண்டாமுங்க" என்றார்.

"ஏண்ணா?"

"மனசு சரியில்லீங்க."

"உங்களுக்கு என்னைக்கு மனசு சரியா இருந்திருக்கு?"

"அது நெசந்தானுங்க. ஆனா இன்னைக்கு வேற மாதிரி."

பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "யோவ், அவங்க கார்ல இருந்து எறங்கறாங்கய்யா. போய் உக்காரு!"

"பெரிய ஆட்டம் வேண்டாமுங்க சார். முதல்ல சின்னதா ஒண்ணு ஆட்டிப் பாத்துக்கலாமுங்க. கம்ப்யூட்டர நம்பி இல்லீங்க. முட்டைய வச்சு."

"என்னது?"

"எங்கூட்டுல கோழிப்பண்ணைங்க சார். ஒரு வண்டி நல்லாருக்குதா இல்லையான்னு முட்டைய ஏத்துனாத் தெரிஞ்சுபோயிருமுங்க."

யாரும் சரி என்று சொல்லவில்லை. அவர் அதற்குள் கேன்டீனுக்கு ஓடி, முப்பது முட்டை அட்டையோடு வந்துவிட்டார். அட்டையை நாலாகக் கிழித்தார். ஏணியில் ஏறி, பெட்டியின் நாலு மூலையிலும் மூலைக்கு ஏழாக முட்டைகளை உட்கார வைத்தார். மிச்சம் இரண்டு. அதைக் கீழே நின்ற பேராசிரியரின் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அந்த நேரத்தில் குழுத் தலைவர் உள்ளே நுழைந்து, குலுக்குவதற்காகக் கையை நீட்டினார்.

அந்த நிமிடத்தை என் வாழ்க்கையிலிருந்து நீக்கிவிட முடிந்தால் நீக்கிவிடுவேன். தலைவர் முட்டையையும் பேராசிரியரையும் பார்த்தார். பிறகு பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். "இவங்க எல்லாம் யாரும்மா?"

"பயணிகள் சார்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

சின்ன ஆட்டம். லாரி ஒன்று தெருவில் போனால் வீட்டு ஜன்னல் அதிருமே, அவ்வளவுதான். கணினித் திரையில் கோடுகள் வழவழவென்று வந்தன. எல்லா உணர்கருவியும் பச்சை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்போது பெட்டியின் இடது பின் மூலையிலிருந்து மஞ்சளாக ஏதோ தண்டவாளத்தில் வழிந்தது.

ஏழில் ஐந்து உடைந்திருந்தன. மற்ற மூன்று மூலைகளிலும் ஒன்றுகூட உடையவில்லை.

"உயிர்ச்சேதம் அஞ்சா?" என்றார் தலைவர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "ஒரே மூலையில. அந்த ஸ்பிரிங்கைப் பாரும்மா."

ஏணியில் ஏறினேன். பெட்டி நாலு சுருள்வில்களின் மேல் உட்கார்ந்திருக்கும். பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோகும்போது அவை ஆடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் விரல் பருமனுக்கு ஒரு லாக் பின் உண்டு. சோதனைக்கு முன்னால் நாலையும் எடுத்துவிட வேண்டும். இடது பின் மூலையில் லாக் பின் அப்படியே இருந்தது. மஞ்சள் கருவில் நனைந்து, அழகாக, இருக்க வேண்டிய இடத்தில். அந்த மூலை மட்டும் அசையாமல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நங்கு நங்கென்று இடித்திருக்கிறது. திடீர் இடிகளை இரைச்சல் என்று கணினி வடிகட்டிவிடும். அப்படி வடிகட்டச் சொன்னவள் நான். முட்டைக்கு அந்த வசதி கிடையாது. பெரிய ஆட்டத்தில் இது நடந்திருந்தால் பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கும். தூணையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

முப்பத்தோராவது வரியில் 'லாக் பின்கள் நீக்கப்பட்டன' என்று இருந்தது. பக்கத்தில் என் டிக். நேற்று மாலை நாலையும் என் கையாலேயே எடுத்தேன். நன்றாக ஞாபகம் இருந்தது.

ஜன்னல் வழியாக நடுக்கத்தண்ணன் கையை நீட்டி விரித்தார். உள்ளங்கையில் மூன்று பின்கள்.

"தெனமும் மாதிரி நேத்தும் நீங்க போனதுக்கப்பறம் நாலையும் திருப்பி மாட்டிட்டுப் போனனுங்க அம்மணி. காலைல வந்து எடுத்தேன். அப்பறம் பாத்தாப் பையில மூணுதான் இருந்துது. ஒண்ண எடுக்காம உட்டுட்டனா, எடுத்து எங்கயாச்சும் போட்டுட்டனான்னு தெரியல. இத்தன பெரியவங்க முன்னால பெட்டிக்கு அடியில குனிஞ்சு தேடவும் முடியல, சொல்லவும் முடியலீங்க."

"மாட்டினீங்களா? எதுக்குண்ணா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாத ஒருத்திக்கு எப்படிப் பட்டம் கொடுப்பார்கள் என்பதைப் போல.

"ராத்திரி நெசமாவே நிலநடுக்கம் வந்துட்டா? நம்ம பெட்டி உழுந்துபோயிருமுங்கல்ல!"

நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக நிறுத்தியிருக்கும் பெட்டியை அது வந்த நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் நிலநடுக்கத்திலிருந்து காப்பாற்றி வந்திருக்கிறார் ஒருவர். தினமும் காலையில் எனக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் கழற்றியும் வைத்திருக்கிறார். தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பேராசிரியர் இரண்டு முட்டைகளையும் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"யார் தப்பு இது?" என்று பேராசிரியர் கடைசியாகக் கேட்டார்.

"என் தப்புத்தானுங்க" என்றார் அவர்.

"பார்க்காம டிக்கை நம்பினது நான் சார்" என்றேன்.

"சண்டையை அப்பறம் போடுங்க" என்றார் தலைவர். "மொதல்ல அந்தப் பின்னை எடுங்க."

துடைத்து, பின்னை எடுத்து, முப்பத்தெட்டு வரியையும் கண்ணால் பார்த்து மறுபடி டிக் போட ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பெரிய ஆட்டம். நாற்பது விநாடி. தூண் உறுமியது. பெட்டி எழுந்து, தயங்கி, ஒருபக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு மேலே போயின. சக்கரங்கள் இறங்கின. தண்டவாளத்தின் மேலேயே இறங்கின. தூண் அடியில் மட்டும், விரிய வேண்டிய இடத்தில் விரிந்து, நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

விரிசல்களின் அகலத்தை உடனே அளந்து, அங்கேயே எழுதிவிட வேண்டும், கொஞ்ச நேரத்தில் அவை மூடிக்கொள்ளும். அளவுகோலைப் பிடித்தேன். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பதற்றமே இல்லாத பெண் என்று எல்லாரும் சொல்லும் எனக்கு விரல்கள் உதறிக்கொண்டிருந்தன. தாளில் வந்தது எழுத்து இல்லை, கிறுக்கல்.

"குடுங்க சாமி" என்று பக்கத்தில் குரல் கேட்டது. ஆட்டம் நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, நடுக்கத்தண்ணன் உள்ளே வந்திருந்தார். பேனாவை வாங்கிக்கொண்டார். தூணடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டின் மேல் தாளை வைத்துக்கொண்டார். "நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் எழுதறேன். அவசரமில்லீங்க."

நான் சொல்லச் சொல்ல எழுதினார். பெரிய பெரிய எழுத்துகள், வலது பக்கம் சரிந்த எண்கள், இரண்டு இடத்தில் அடித்தல், ஓரத்தில் கட்டைவிரலின் எண்ணெய்த் தடம். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எல்லாப் பக்கங்களும் தட்டச்சு செய்தவை, அது ஒன்றைத் தவிர. சரி செய்து அனுப்பும்படி பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். அந்தப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு முறையும் எழுதிவிட்டேன்.