பந்தியை வென்று நாற்காலி நிறைத்த காதை

வாழி பெருந்தகை ஜெபக்குமார்! சுண்ணக்கட்டித் தூள் படிந்த தோளினன், கரும்பலகை ஏழும் கடந்த கையினன், கடைசி வரிசைக் கொட்டாவிகளுக்குக் கலங்காத நெஞ்சினன், இராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் லேசர் இயலைப் பல்லாண்டு முழங்கியும் தொண்டை கட்டாத தகைமையன், அவன் புகழ் பாடப் புகுகின்றேன்! சொல்லின் செல்வியே, என் நாவில் வந்து அமர்க. அங்கே இடம் போதாதெனில் நின்றபடியேனும் அருள்க, ஏனெனில் இது இருக்கைகளைப் பற்றிய காவியம்.

மலையடிவாரத்துக் காற்று வைகாசி வெயிலோடு மல்லுக்கட்டும் திருவில்லிபுத்தூர்ச் சாலையில், வாழைமரம் இரண்டு வாயில் காக்க, ஒலிபெருக்கி ஊரை எழுப்ப, ஓங்கி நின்றது ஒரு கல்யாண மண்டபம். அதன் முதல் மாடியில் மணமேடையும், அதன்முன் அணியணியாகச் சிவப்பு மெத்தை நாற்காலிகளும், குளிர்சாதனத்தின் குளுமையும் இருந்தன. கீழ்த்தளத்திலோ நெய்யொழுகும் வெண்பொங்கலும், பொன்னிற வடையும், முந்திரி மின்னும் கேசரியும் சேனை திரட்டி வீற்றிருந்த பந்திக் கூடம் இருந்தது. வருகிறவர் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை.

இச்சீமை மாந்தரின் இயல்பைச் சிறிது கேண்மின். மில்லில் ஷிப்டுக்கு ஓட வேண்டியவரும், கடையைத் திறக்க வேண்டியவரும், இன்னும் இரண்டு கல்யாணம் பார்க்க வேண்டியவரும் வாயிலில் செருப்பைக் கழற்றிய கையோடு பந்திக்குள் பாய்வர். கை நனைத்து, வெற்றிலை போட்டு, ‘மாடியில் தாலி கட்டியாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வண்டி ஏறுவர். மனத்தில் வாழ்த்துக்குக் குறைவில்லை. மாடியில்தான் ஆளிருக்காது.

இவ்வழக்கத்தால் புண்பட்டவள் மாரிசெல்வி. ஊர் உலகத்துக் காயங்களுக்கெல்லாம் கட்டுத்துணி செய்து அனுப்பும் சுயம்புலிங்கத்தின் மூத்த மகள் அவள். அவள் கழுத்தில் தாலி ஏறிய அந்தப் பொன்னான கணத்தை வீடியோ எடுத்தபோது, பின்னணியில் தெரிந்தவை காலி நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை. புகுந்த வீட்டார் அந்தக் குடையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். தகப்பனின் ஆலையில் மலைமலையாகக் கட்டுத்துணி இருந்தும் அந்தப் புண்ணுக்குப் போட ஒரு முழம் இல்லை. இன்றோ அவள் தங்கைக்குக் கல்யாணம்.

அதிகாலையிலேயே அவள் தன் பழைய ஆசிரியரும் எதிர்வீட்டுக்காரருமான ஜெபக்குமாரை மண்டப வாயிலில் மறித்தாள்.

“சார், அந்த வீடியோவ நான் இன்னை வரைக்கும் முழுசாப் பாத்ததில்ல. தங்கச்சிக்கும் அப்படி ஆயிரக்கூடாது சார். கீழ நிக்கிறத விட மேல நிக்கிறது ஜாஸ்தியா இருக்க வைக்கலாம்னு கிளாஸ்ல நீங்கதான சொன்னிய? இன்னைக்கு வச்சுக் காட்டுங்க.”

அவள் அருகே கேமராவைத் தாங்கியில் பூட்டிக்கொண்டிருந்தவர், தனியாளாக வந்திருந்த வீடியோக்காரர் சாம்சன். அன்றைக்கும் படம் பிடித்தவர் அவரே. “என்னையச் சொல்லிக் குத்தமில்ல சார். அன்னைக்கு சேருதான் இருந்துச்சு, சேரத்தான் எடுத்தேன்” என்றார்.

கேட்டனன் ஜெபக்குமார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தனன், மண்டபம் அதிர முழங்கினன்: “கேள், மாணவியே! அணுக்களும் நம்மூர் விருந்தாளிகளும் ஒரே சாதி. தம்போக்கில் விட்டால் கீழ்நிலையில் கூட்டம், மேல்நிலையில் வெறுமை. இந்நியதி கவிழ்ந்து மேலே மிகுந்தாலன்றி லேசர் சுடராது. அவ்வாறு கவிழ்ப்பதே தொகை ஏற்றம்! இன்று இம்மண்டபத்தில் அதை நிகழ்த்துவேன். நிகழ்த்தேனாயின் இனி வகுப்பில் அப்பாடம் நடத்தேன்!” சூளுரை பெரிதுதான், எதிர்நின்ற பகை வெண்பொங்கல் அல்லவா?

மூண்டது முதற்போர். உட்படிக்கட்டின் அடியில் தூண்போல் நின்ற பெருந்தகை, பந்தி நோக்கிப் பாய்ந்தோரைத் தோள்தொட்டுத் திருப்பி, “மேலே எழுந்தருள்க! மணமேடை மாடியில்!” என்று அறைகூவி, அலையலையாக ஏற்றினன். ஏறினர் மாந்தர். அந்தோ! ஏறியவர் ஒவ்வொருவரும் அங்கே அமர்ந்திருந்தவரைக் கண்டதும், இம்மண்ணில் எவரும் எவரையும் முதலில் கேட்கும் அக்கேள்வியைக் கேட்டனர்.

“ஏலே, சாப்டாச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

“பொறவு என்னலே இங்க உக்காந்திருக்க? போலே, சூடு ஆறிரும்.”

கேட்டவர் அமர, கேட்கப்பட்டவர் எழுந்தார்; எழுந்தவரைப் பார்த்துப் பக்கத்து நாற்காலியும் எழுந்தது. இக்கேள்விக் கணையை எய்வதில் நிகரற்றவர் சீனிச்சாமி. எல்லையில் பனியிலும் மணலிலும் நின்று ஓய்வுபெற்ற இராணுவ வீரர், முதல் பந்தியை எக்காலத்தும் தவறவிடாத தளபதி. அவர் எழுந்து “வாங்கப்பா” என்று ஒரு சொல் சொன்னால் ஒரு வரிசையே அணிவகுத்து இறங்கும். ஜெபக்குமார் வியர்வை ஆறாகப் பெருக ஏற்றினன், ஏற்றினன். சரிபாதிக்கு மேல் ஒரு தலை கூடவில்லை.

படிக்கட்டில் தளர்ந்து அமர்ந்த அக்கணம், ஆண்டுதோறும் தானே கரும்பலகையில் எழுதியது அவன் நினைவில் மின்னியது. இரண்டே நிலைகளை வைத்துக்கொண்டு தொகை ஏற்றம் எய்த ஒருவராலும் ஆகாது! அணுவை ஏற்றுகின்ற ஒளியே இறக்கவும் செய்யும், ஏறிவந்தவர் கேள்வியே அமர்ந்தவரை இறக்கியதுபோல. எத்தனை முக்கினாலும் சரிபாதிதான். ஏற்றும் வழி வேறு, இறங்கும் வழி வேறாக வேண்டும். நான்கு நிலை வேண்டும். இதை எழுதிப்போட்டு மதிப்பெண் போட்டவனே மறந்து போனான், பாவம்.

நிமிர்ந்தான் ஜெபக்குமார்! மண்டபத்தின் பக்கவாட்டில், தெருவிலிருந்து நேரே மொட்டை மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டு ஒன்று துருப்பிடித்துக் கிடக்கக் கண்டான். சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதற்கென வைத்திருந்த பால்கோவாக் கிண்ணங்கள் அனைத்தையும் அவன் ஆணையால் ஆலைத் தொழிலாளர் அங்கே சுமந்து ஏற்றினர். சுயம்புலிங்கம் வாயிலில் நின்று கூவலானார்: “வாங்க, வாங்க! மொதல்ல மொட்டை மாடி, சூடா பால்கோவா!” வில்லிபுத்தூர்க்காரனே ஆனாலும் சூடான பால்கோவா என்றால் நிற்பான், பொங்கலை மறந்த கூட்டம் இரும்புப்படி அதிர ஏறிற்று.

மொட்டை மாடியிலோ வெயில் சுட்டது. செருப்பைக் கழற்றிய பாதங்கள் துள்ளின. எவராலும் அங்கே நிலைகொள்ள இயலவில்லை. அள்ளிய பால்கோவாவை வாயில் அடக்கிக்கொண்டு உட்படிக்கட்டு வழியாக ஒரு மாடி இறங்கிக் குளிர்ந்த மண அரங்கில் தொப்பென்று அமர்ந்தனர். வாய் நிறையப் பால்கோவா இருந்ததால் “சாப்டாச்சா?” என்று கேட்க ஒருவருக்கும் வழியில்லை! மெத்தை நாற்காலி, குளிர்ந்த காற்று. அமர்ந்தவர் எளிதில் எழார். அணுக்களுக்கு இத்தகைய இருப்பிடத்தைச் சிற்றுறுதி நிலை என்பர் அறிவோர். நெடுநேரம் தங்குவதற்கென்றே வாய்த்த படி அது.

இன்னும் ஒன்று எஞ்சியது. கீழ்நிலை தேங்கலாகாது, விழுந்தவர் விழுந்த வேகத்தில் வெளியேற வேண்டும், இல்லையேல் மேலே சேர்ந்த பெருமை கீழே சேர்ந்த கூட்டத்தால் அழியும். ஆதலின் பெருந்தகை பகைவனையே படைத்தலைவன் ஆக்கினான். “அண்ணாச்சி, பந்தி உங்க பொறுப்பு. யாரும் உக்காந்து கதை பேசக்கூடாது” என்றான். பொறுப்பு என்ற சொல் கேட்டதும் சீனிச்சாமியின் முதுகு தானே நிமிர்ந்தது. அதன்பின் பந்திக் கூடத்தில் கேட்டது அவர் குரல் ஒன்றே.

“ஏலே, பேசாமச் சாப்புடு! வடைய முழுங்கு! எலைய மடி! எந்திரி! பின்வாசல்!”

பின்வாசலால் தெருவுக்கு வந்தவர் முன் மீண்டும் சுயம்புலிங்கம் பால்கோவா என்று கூவ, கொஞ்சம் பேர் இரண்டாம் முறையும் ஏறினர். தெரு, மொட்டை மாடி, மண அரங்கு, பந்தி என நான்கு நிலையும் அமைய, அரங்கு நிறைந்தது. மாரிசெல்வி மேடையோரம் நின்று வரிசை வரிசையாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

அந்தோ விதியே! சுயம்புலிங்கத்தின் கைபேசி ஒலித்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாம். செங்கோட்டை வண்டி போன பிறகுதான் கதவு திறக்குமாம். மேலே ஓடிவந்தவர் முகம் வெளிறியிருந்தது. “சார், முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கு. இந்தக் கூட்டத்த மட்டும் செத்த நேரம் பிடிச்சு வச்சிருங்க!”

ஒருகணம் ஏற்றிக் காட்டுவது எவர்க்கும் எளிது. விழ விழ ஏற்றி, நெடும்பொழுது அந்நிலை குலையாது காப்பதன்றோ வீரம்! பசித்தவர் ஒருவர் இருவராக எழுந்து இறங்கத்தான் செய்தனர். எழுந்த இடத்தில் அடுத்தவர் அமர்ந்தார். அமர்ந்தவர் இறங்க, இறங்கியவர் உண்ண, உண்டவர் வெளியேற, வெளியேறியோரும் புதிதாய் வந்தோரும் ஏற, முகங்கள் மாறின, தொகை மாறவில்லை. நடுவே நின்று, சேலை சரியும் ஓசையிலேயே எந்த நாற்காலி காலியாகப் போகிறதென்று அறிந்து கைகாட்டிய ஜெபக்குமாரின் முதுகுப்புறம் ஒரு குரல் கேட்டது.

“சார், நானும் செத்த கீழ போயிட்டு வந்துரட்டா? காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல.”

யாரென்று திரும்ப நேரமேது? வரிசைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆணையிட்டான்: “போங்க. முடிச்சுட்டு உட்படிக்கட்டுல ஏறக்கூடாது. பின்வாசல், தெரு, மொட்டை மாடி, சுத்தித்தான் வரணும்.”

திறந்தது கேட்! வந்தது வேன்! மாலையும் மந்திரமும் விரைந்தன. கெட்டிமேளம் முழங்க, முன்வரிசைக் கிழவர் ஒருவரின் கை அட்சதையை வீச, அக்கை கண்ட கைகள் அனைத்தும் அதே நொடியில், அதே திசையில், அதே மஞ்சள் நிற அரிசியோடு எழுந்தன. தொகை ஏற்றத்தின் பயனாய் ஒரே தாளத்தில் பாயும் லேசர்க் கற்றை என அட்சதை மேடை நோக்கிப் பாய்ந்தது! மணப்பெண் தலைநிமிர்ந்து பார்த்தாள். பார்த்த இடமெல்லாம் முகங்கள். ஒரு நாற்காலி காலியில்லை, ஒரு குடை இல்லை. மாரிசெல்விக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மேடையோரத்திலிருந்தே தன் ஆசானைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வென்றான் ஜெபக்குமார்! பந்தியை வென்றான், பசியை வென்றான், செங்கோட்டை வண்டியையும் வென்றான்! இந்த வெற்றியை என்றென்றும் உலகுக்குக் காட்டவல்ல அந்த ஒற்றைக்கண் கருவியின் பக்கம் பெருமிதத்தோடு திரும்பினான். தாங்கியின்மேல் கேமரா இருந்தது. அதன் கண்ணில் மூடி போட்டிருந்தது.

சாம்சன் மொட்டை மாடியில் பால்கோவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.