அன்று பலா மரத்தடியில் இருந்தது நீங்கள்தான், அண்ணா

வேடியப்பன் துணை

நெல்லிவாசல்நாடு,
ஆனி, வெள்ளிக்கிழமை.

அமிர்தியில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் கோபால்சாமி அவர்களுக்கு, தங்கை ரஞ்சிதம் கும்பிட்டு எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே மழையும் மாடும் நாங்களும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டி விளக்கேற்றி வருகிறேன்.

போன செவ்வாய் விடியற்காலை நம் வரப்புப் பலா மரத்தடியில் இருந்தவர்கள்: ஒன்று, என் வீட்டுக்காரர். இரண்டு, சாணிக்கூடையோடு நான். மூன்று, பக்கத்து வீட்டு மங்கம்மாள். நான்கு, எங்கள் கன்றுக்குட்டி. ஐந்து, கருப்புக் கம்பளி போர்த்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தவர். அந்த ஐந்தாம் ஆள் நீங்கள்தான் என்று இவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அண்ணா, அது கரடி.

இவரையும் குற்றம் சொல்ல முடியாது. மேகம் தரையில் இறங்கிக் கிடந்தது, இவருக்கோ கண் மங்கல், கண்ணாடி வாங்கச் சொன்னால் "சம்பந்தி வூட்ல கெழவன்னு நினைப்பாங்க" என்கிறார். கேட்காமல் அந்த மரத்துப் பழத்தைப் பறித்துவிட்டீர்கள் என்று மூன்று வருஷமாக உங்கள் பெயரையே இந்த வீட்டில் எடுக்க விடாதவர், அன்று கிட்டே போய் நின்று, "யோவ் மச்சான்! பேச்சு வார்த்தை இல்லாத எடத்துல உக்காந்து பழம் துன்றியே, வெக்கமா இல்ல?" என்றார். அது மென்றது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அறுத்துத் தூக்கியாந்து வூட்ல போட்டிருக்க மாட்டனா?" அது இன்னொரு சுளையைப் பிய்த்தது. மங்கம்மாள் அப்போதே ஓடிவிட்டாள், கன்றுக்குட்டி அவளுக்கும் முன்னால். நான் வேடியப்பா என்று கத்த நினைத்து "வே" வரைக்கும்தான் போனேன். இவரோ, "இன்னா, காதுல வுழல? ஆவணில எம் பொண்ணு தேவயானிக்குக் கல்யாணம். தாய்மாமன் நிக்காத பந்தல் ஒரு பந்தலா? நானும் அன்னிக்கு அதிகமாத்தான் பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத மச்சான்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அது எழுந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நான்கு காலில் காட்டுக்குள் போயிற்று.

"பாத்தியா? எதுத்து ஒரு வார்த்த பேசல. பெரிய மனுசன்டி உங்கண்ணன். இன்னா, ரொம்பக் குனிஞ்சி நடக்கறாரு, பாவம்" என்றார்.

பள்ளிக்கூடம் போகாமல், பஞ்சாங்கத்தையும் சாமி பாட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவள் நான். அறிவுதான் விளக்கு, அறியாமை இருட்டு என்று தினமும் பாடி, எனக்கு அந்த விளக்கைக் கொடு என்று கேட்டு வந்தேன். வேடியப்பனும் கொடுத்துவிட்டார். அது கரடி என்று தெரிந்த நான் செவ்வாயிலிருந்து தூங்கவில்லை. தெரியாத இவர் படுத்ததும் குறட்டை. சாமை அரைத்தபடி பாடுகிறார், மங்கம்மாளைப் பார்த்தால்கூடச் சிரிக்கிறார். நானும் ஊர்ப் பெரியவர்களும் மூன்று வருஷமாக எடுத்துச் சொல்லி ஆகாததை ஒன்றுமே தெரியாமல் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார் என்றால், அந்த அறியாமைக்கு முன்னால் நான் கையெடுத்துக் கும்பிடத்தானே வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கல்யாணத்துக்கு அழைக்க இரண்டு பலாப்பழத்தோடு வருகிறார். அன்றைக்கு மரத்தடியில் வந்து உட்கார்ந்தது நான்தான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பொய்யின் பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு வெள்ளிக்கிழமை விரதமும் நேர்ந்துகொண்டேன். பொய் சொல்ல வாய் வராவிட்டால் சும்மா தலையைத் தொங்கப்போடுங்கள், கரடி அதைத்தான் செய்தது. போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், இவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகவே ஜீப்காரர் வீரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் எந்த நாளும் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை ரஞ்சிதம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது இவர் வந்து, "உனக்கும் தெரியும்னு மங்கம்மா சொல்லிட்டா. கரடி சமாச்சாரத்த எழுதிட்டியா?" என்று கேட்டார். எந்தக் கரடி என்றேன். "கண்ணுதான்டி மங்கல், மூக்குமா? ரெண்டு வார்த்த பேசினதுமே நாத்தம் தூக்கிச்சி. ஓடினா தொரத்தும், நின்னு பேசிக்கினே இருந்தேன். பேசப் பேச உள்ள இருந்ததெல்லாம் வந்துட்ச்சி. கரடிகிட்ட சொன்னத மச்சான்கிட்ட சொல்ல இன்னா வெக்கம்?" ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீ பயந்துப்ப. தெரியாம நிம்மதியா தூங்கட்டும்னு வுட்டுட்டேன்" என்றார். தெரிந்துகொண்டேதான் அந்தக் குறட்டை விட்டிருக்கிறார், அண்ணா! மேலே அறிவைப் பற்றியும் அறியாமையைப் பற்றியும் எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நீங்கள் கரடியாகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா என்று மட்டும் வீரனிடம் சீக்கிரம் பதில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.