தீனதயாளன் சாரின் சிபாரிசு

"லெட்டர்தானே கண்ணு, குடுத்தறலாம்" என்றார் தீனதயாளன்.

இதையேதான் போன வாரமும் சொன்னார், அதற்கு முந்தின வாரமும் சொன்னார். கல்லூரியில் ஆடை வடிவமைப்புத் துறையின் தலைவரான அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதே கிடையாது. சொல்லித் தொலைத்திருந்தால் அவருடைய மாணவி மெஹ்ஜபின் வேறு வழியாவது பார்த்திருப்பாள்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஒரே ஒரு இன்டர்ன்ஷிப் இடம். ஒழுங்காகச் செய்தால் அங்கேயே வேலை. துறைத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அதே ஊரின் ராயபுரத்து வீட்டில் அவளுடைய அம்மா நசீம் பானு நாள் முழுக்கப் தைத்து வந்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். காலேஜ் விட்டுப் போனதும் மெஹ்ஜபினும் கத்தரியைத் தூக்க வேண்டும். டிகிரி வாங்கிய பிறகும் அதே கத்தரிதான் என்றால் இந்தப் படிப்பு எதற்கு என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"சனிக்கிழமை கடைசிங்க சார்."

"அதுக்கென்ன கண்ணு. நீயே எழுதிக் கொண்டா, நான் சைன் போட்டறேன்."

தன்னைப் பற்றித் தானே எழுதினாள். கடுமையாக உழைப்பவர் என்று போடக் கை கூசியது. ஆனாலும் போட்டாள். தீனதயாளன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"இங்கிலீஷ் இத்தனை நல்லா எழுதறே. இதை ஏன் கண்ணு இத்தனை நாளாச் சொல்லவே இல்ல?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேதான் பிள்ளை ஏமாந்தாள். சார் கடிதத்தை ஒரு பைலுக்குள் பத்திரமாகச் செருகினார்.

"மத்த பசங்களும் நச்சரிக்கறாங்க. அவங்களுக்கும் எழுதிரு. எல்லாத்துக்கும் ஒண்ணாச் சைன் போட்டறலாம்."

எழுதினாள். வகுப்பில் ஒன்று தூங்குவான், இல்லையென்றால் செல்போனைத் தடவுவான், அந்த சதீஷ்குமாருக்குக்கூட 'நேரம் தவறாதவர்' என்று எழுதினாள். மறுநாள் எல்லோருக்கும் கையெழுத்து விழுந்தது. அவளுக்கு மட்டும் விழவில்லை.

"சார், என்னுது?"

"உன்னுது நம்ம ஊட்டு வேலையாட்டம் கண்ணு, எப்ப வேணாலும் போட்டுக்கலாம். காலேஜுக்கு இன்ஸ்பெக்சன் வருது பாரு, டிபார்ட்மெண்ட் ரிப்போர்ட்ட மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுத்துரு."

சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் கையெழுத்து கிடைக்கும் என்று அந்த அப்பாவி நினைத்தாள். ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த மகா தப்பு. ஒரே மூச்சில் முடிப்பவளிடம் இன்னொன்றைக் கொடுக்காமல் இருக்க எந்த மேலதிகாரிக்கு மனசு வரும்? கருத்தரங்கக் கட்டுரை வந்தது. வரவேற்புரை வந்தது. சாரின் சம்பந்திக்கு கரண்ட் ஆபீசில் கொடுக்க ஒரு புகார் மனுகூட வந்தது.

அட்டெண்டர் ராக்கையா டிபார்ட்மெண்ட் சாவியைக் கொண்டுவந்து அவளிடமே நீட்டினார். "நீயே வச்சுக்க தாயி. எப்படியும் எனக்கு முன்னாடி நீதான வர்ற."

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. நேராகப் பிரின்சிபால் சாரதாமணியிடம் போய் நின்றாள்.

"தீனதயாளன் இருக்கறப்ப நான் குடுத்தா அவருக்கு மரியாதையா இருக்காதும்மா" என்றார் பிரின்சிபால். பிறகு கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். "அந்த ரிப்போர்ட் எழுதின பொண்ணு நீதானா?"

வெளியே வரும்போது கல்லூரி ஆண்டறிக்கை மொத்தமும் அவள் கையில் இருந்தது.

விஷயம் தீனதயாளன் காதுக்குப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் தேவலை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு" என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனவள் என்னத்தைச் சொல்வாள்? "மன்னிச்சுக்கங்க சார்" என்றாள். இந்த மன்னிப்பையும் அவள்தான் கேட்க வேண்டியிருந்தது, கொடுமை.

சனிக்கிழமை காலையில் ஒரு முடிவோடு போய் அவர் மேஜை முன்னால் நின்றாள்.

"இன்னைக்கு சைன் வாங்காமப் போறதா இல்லீங்க சார்."

தீனதயாளன் சிரித்தார். பைலை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், சீல் குத்தினார், கவரில் போட்டு அவரே ஒட்டியும் கொடுத்தார்.

"கம்பெனிக்கும் நேத்தே போன் பண்ணி உன்னையப் பத்திச் சொல்லீட்டேன். தைரியமாப் போ சாமி."

மெஹ்ஜபினுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசனையா மனசுக்குள் அத்தனை வசவு வைதோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, "அடுத்த மாசத்துல இருந்து பிசிறுக்கு வேற ஆள் பாருங்கம்மா" என்றாள். நசீம் பானு அழுதேவிட்டாள்.

கம்பெனியில் ஆட்களை எடுக்கும் பிரிவில் ஜெயசுதா என்ற பெண் இருந்தாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். கவரை வாங்கினாள், ஆனால் பிரிக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த எடத்தை உங்க காலேஜ் சதீஷ்குமாருக்குக் குடுத்தாச்சுங்க."

மெஹ்ஜபின் நாற்காலி நுனிக்கு வந்தாள். "எங்க சார் எனக்காகப் போன் பண்ணுனதாச் சொன்னாருங்களே?"

"பண்ணுனாருங்க. இத்தனை வருசத்துல ஒரு ஸ்டூடண்ட யாரும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதே இல்லீங்க" என்றாள் ஜெயசுதா. "'அந்தப் புள்ள இல்லீன்னா எங்க டிபார்ட்மெண்டே நின்னு போயிரும், வேற யாரை வேணாலும் எடுத்துக்கங்க, அதை மட்டும் உட்டுருங்க'ன்னு கெஞ்சீட்டாருங்க."