புது சென்சாரில் துரு

காலை ஒன்பது பத்துக்கு பட்டாபிராமனின் கார் பம்மல் ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. ஒரு ஷேர் ஆட்டோ அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

மெக்கானிக் லோகு கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். இது மூன்றாவது முறை.

"என்ன லோகு இது? வண்டலூர் தாண்டல. அப்படியே நின்னுடுத்து."

"வார்னிங் லைட்டு எரிஞ்சுதா சார்?"

"நின்னப்புறம் எல்லா லைட்டும் எரிஞ்சுது."

லோகு ஸ்கேனரைச் செருகினான். அதே பதில். ஃப்யூயல் பிரஷர் சென்சார் கோளாறு. அந்தப் பெட்டிக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

முதல் தடவை சென்சாரை மாற்றினான். வண்டி ஒரு வாரம் ஓடியது. அடுத்த தடவை சென்சாரோடு ஒயரையும் மாற்றினான். மூன்று நாள். பம்பில் பிரஷர் அளந்தான், சரியாக இருந்தது. ஃபில்டர் புதிது. எல்லாம் சரியாக இருந்தன. வண்டி மட்டும் நின்றது.

சென்சாரின் பிளக்கைக் கழற்றினான். உள்ளே சிவப்பாகப் பிசுபிசுத்தது.

"இன்னா சார், புது சென்சார்ல துரு கீது?"

"என்னைக் கேட்டா?"

"உப்புத் தண்ணியில கழுவுறீங்களா?"

"போன தடவை நீ சொன்னதிலேர்ந்து கழுவறதே இல்லை. போற வர்றவா பின்கண்ணாடியில பேர் எழுதிட்டுப் போறா."

லோகு எட்டிப் பார்த்தான். தூசியில் பெரிதாக 'ஹர்ஷா' என்று எழுதியிருந்தது.

"மழையில நிறுத்துறீங்களா?"

"மழை எங்கய்யா பெய்யறது?"

லோகு தலையைச் சொறிந்தான். தலையும் பிசுபிசுத்தது.

பட்டாபிராமன் மாடம்பாக்கத்தில் ஒரு காலனியின் செக்ரட்டரி. காலனிக் கார்கள் எல்லாவற்றையும் ஒரே மெக்கானிக்கிடம் விடுவதாகப் பேச்சு. லோகுவின் பெயரைச் சொன்னவர் அவர்தான். அதைக் கேட்ட நாளிலிருந்து லோகுவின் மனைவி பூவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஷெட்டில் பழைய டயர்மேல் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். வேலை முடிந்ததும் பானெட்டைச் சாத்துவதும் அவள்தான்.

"சாயங்காலம் மீட்டிங். இந்த வண்டியிலதான் போய் இறங்கப்போறேன்," என்றார் பட்டாபிராமன். "காலனி வாசல்ல நின்னுடுத்துன்னா உன் பேரை எந்த மூஞ்சியோட சொல்றது? வேற ஷெட்டுதான்."

"இந்த தபா நிக்காது சார்," என்றாள் பூவம்மாள். "நான் பாத்துக்கறேன்."

பட்டாபிராமன் சிரித்தார். "உன் வீட்டுக்காரனே முழிக்கறான். நீ என்ன பண்ணுவே?"

அவள் ஸ்பேனரை எடுத்து லோகுவிடம் நீட்டினாள்.

லோகு மறுபடியும் சென்சார், ஒயர், பிளக் மூன்றையும் மாற்றினான். ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் சீராக ஓடியது. ஸ்கேனர் எதுவும் சொல்லவில்லை. அணைத்துவிட்டுக் கை கழுவப் போனான். வழக்கமாகச் சோப்புப் போடுவதற்குள் பானெட் மூடும் சத்தம் கேட்கும். இன்று கழுவி முடித்து, துடைத்தும் முடித்தபிறகுதான் கேட்டது.

பட்டாபிராமன் கிளம்பினார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"எனுக்கு ஒண்ணுமே பிரியல பூவு," என்றான் லோகு. "எல்லாம் புச்சு. துரு எங்கேர்ந்து வருது?"

பூவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்திருந்தன.

"இன்னாடி அது, ரத்தமா?"

"அய்ய, குங்குமம்யா. எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, நீ கோளாறுன்னு காட்டுன எடத்துலயே ஒவ்வொரு தபாவும் திஷ்டி கழிச்சுப் புழிஞ்சு வுடுறேன். மொதல்ல அரைப் பழம், பத்தல. அப்பால முழுசு, அதுவும் பத்தல. இன்னிக்கு மூணு பழம் புழிஞ்சுக்கீறேன். இனிமே நிக்குமா இன்னா?"